ஆறாம் நம்பர் டோக்கன்

கட்டின மனைவியோடு பேசுவதற்கு டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தவன் நான். தாம்பரம் முழுக்கச் சலித்துப் பார்த்தாலும் இப்படி இன்னொரு முட்டாள் கிடைக்கமாட்டான். அந்த டோக்கன் எனக்கு உரியதே இல்லை. உரியவர் எனக்குப் பின்னால் ஐந்து நிமிடத்தில் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார். அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது என்னை நல்லவன் என்று நினைத்து நீங்கள் ஏமாந்துவிடக்கூடாது.

தொண்ணூறுகளின் தொடக்கம். சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் எங்கள் வீடு. நான் குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். மனைவி தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இலங்கைச் சண்டையிலிருந்து தப்பி வந்த குடும்பங்களில் சிலர் முகாம்களுக்குப் போகாமல் எங்கள் பக்கங்களில், கீழ்க்கட்டளை, மேடவாக்கம், பீர்க்கன்கரணை என்று வாடகைக்கு இருந்தார்கள். அவர்களுக்காக, ஓய்வு பெற்ற ஒரு டாக்டரம்மா சனிக்கிழமைதோறும் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ஹாலில் வைத்தியம் பார்த்தார். என் மனைவி அங்கே உதவிக்குப் போனாள். மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், ஊசி போடுவாள். அதுவரைக்கும் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

பிறகு டாக்டரம்மா அவளை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். எத்தனை மாத்திரை போட்டாலும் தலைவலி போகாதவர்கள், கதவைப் படீரென்று சாத்தினால் தரையில் படுத்துக்கொள்பவர்கள், சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய வந்தார்கள். அவர்கள் பேசுவதை ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும், அதற்குத்தான் பயிற்சி என்றாள்.

"கேக்கறதுக்கு ட்ரெயினிங்கா? காது இருந்தா போதாதா?" என்றேன்.

"உங்களுக்கும் ரெண்டு இருக்கு" என்றாள்.

பதினைந்து நாள் போய் வந்தாள். ஹாலின் பின்பக்கம் பச்சைத் துணி போட்டு ஒரு மறைப்பு வந்தது. உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு சொம்பில் தண்ணீர். வருகிறவர் வாசலைப் பார்த்து உட்கார வேண்டும். அவர்கள் முதுகுக்குப் பின்னால் கதவு இருக்கக்கூடாது. பேனா, பேப்பர் கூடாது. எழுதினால் போலீஸ் என்று பயப்படுவார்கள். ஏன், எதற்கு என்று கேட்கக்கூடாது. எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லக்கூடாது. அழுதால் நிறுத்தக்கூடாது. காலையில் ஏர்ஃபோர்ஸ் பயிற்சி விமானங்கள் சேலையூருக்கு மேலே வட்டமடிக்கும், அந்தச் சத்தத்தில் யாருக்கும் வாய் திறக்காது என்று, நேரத்தை மத்தியானத்துக்கு மாற்றியது என் மனைவிதான். ஒருவருக்கு அரைமணி நேரமாவது ஆகும். அதனால் ஒரு நாளைக்கு ஆறு பேர். ஹால் வாட்ச்மேன் முன்பு ஸ்டேஷன் பக்கத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் வேலை பார்த்தவர். அங்கே கழித்துப்போட்ட பழைய தகர டோக்கன்களில் ஆறு கொண்டுவந்தார்.

எல்லாம் நல்ல ஏற்பாடு. எனக்குத்தான் வயிறு எரிய ஆரம்பித்தது.

அதற்கு முன்னால் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் எங்கள் வீட்டில் நான் பேசுவேன், அவள் கேட்பாள். கம்பெனிக் கதை, பஸ் கதை, மேனேஜர் மாதிரி நடந்து காட்டுவது, எல்லாம் நடக்கும். பயிற்சிக்குப் பிறகு சனிக்கிழமை திரும்பி வருகிறவள் செருப்பைக் கழற்றிவிட்டு, முகம் கழுவிவிட்டு, துவைத்த துணியை மடிக்க உட்கார்ந்துவிடுவாள்.

"இன்னிக்கு யார் வந்தாங்க?"

"ஆறு பேர்."

"என்ன சொன்னாங்க?"

"அங்க பேசினது அங்கேயே இருக்கணும்."

கல்யாணம் ஆகி ஏழு வருஷத்தில் எங்களுக்குள் பூட்டு என்று ஒன்று இருந்ததில்லை. இருந்த ஒரே பீரோவுக்கும் சாவி தொலைந்துபோயிருந்தது. இப்போது யாரோ ஆறு பேர் வாரம் தவறாமல் வந்து அவளுக்குள் எதையோ வைத்துவிட்டுப் போகிறார்கள், நான் வெளியே நிற்கிறேன்.

ஒரு நாள் அவளை அழைத்துவரக் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். காற்றில் பக்கவாட்டில் பச்சைத் துணி ஒரு சாண் விலகியது. உள்ளே ஒரு பெரியவர் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் என்ன பேசினார் என்பது எனக்குக் கேட்கவில்லை. நான் பார்த்தது என் மனைவியின் முகத்தை. கைகள் மடியில். கண் அவரைவிட்டு அசையவில்லை. தலையாட்டவில்லை, 'ம்' கொட்டவில்லை. ஆனால் அந்த முகம் முழுக்க அவருடையதாக இருந்தது. அப்படி ஒரு முகம் என் வீட்டில் இருக்கிறது என்றே எனக்கு அதுவரை தெரியாது.

அந்தப் பெரியவர் இடிந்த வீட்டுக்கு அடியிலிருந்து தன் மனைவியைத் தோண்டி எடுத்தவர் என்று பிறகு அவரே வாட்ச்மேனிடம் சொல்லி, அப்படி எனக்குத் தெரியவந்தது. அவர்மேல் நான் பொறாமைப்பட்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. வீட்டையும் மனைவியையும் ஊரையும் இழந்து வந்த மனிதரைப் பார்த்து, குரோம்பேட்டையில் மூன்று வேளை சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் சீட் பிடித்து வருகிற ஒருவன், கொடுத்துவைத்தவர் என்று நினைத்தான்.

போட்டிக்கு இறங்கினேன். என் கையில் இருந்த சரக்கை வைத்துத்தானே இறங்க முடியும்.

"இன்னிக்கு மேனேஜர் எல்லார் முன்னாடியும் என்னைக் கேவலமா பேசிட்டான்" என்றேன், குரலைக் கொஞ்சம் உடைத்துக்கொண்டு.

"எதுக்கு?"

"ரெண்டு கட்டுத் தோலைக் காணோம்னு."

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"அப்புறம் என்ன" என்று அடுப்பை அணைக்கப் போய்விட்டாள்.

"எதுக்குன்னு கேக்கக்கூடாதுன்னு உங்க ட்ரெயினிங்ல சொல்லிருக்காங்களே" என்று பின்னாலேயே போனேன்.

"அது அங்க. இது வீடு."

அந்தப் பதில்தான் எனக்கு யோசனை கொடுத்தது. வீட்டில் கிடைக்காது என்றால், கிடைக்கிற இடத்துக்குப் போக வேண்டியதுதான்.

அடுத்த சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். பெண் பார்க்கப் போனபோதுகூட அவ்வளவு சிரத்தையாகத் தலை வாரியதில்லை. சைக்கிளை ஹால் சுவரில் சாய்த்தேன். வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சார், அம்மாவை இட்டுகினு போக வந்தியா? இன்னும் நேரம் கீதே."

"இல்லப்பா. டோக்கன் வேணும்."

"டாக்டரம்மாவுக்கா?"

"பின்னாடி மேஜைக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பின்னாடி மேஜையில உன் வூட்டுக்காரம்மாதான சார் குந்திகினு கீது."

"தெரியும்."

"வூட்ல பேசிக்கிறதில்லியா?"

"அதுக்குத்தான் டோக்கன்."

தலையைச் சொறிந்தார். "இது சிலோன்காரங்களுக்கு சார்."

"மனுஷனுக்குத் தூக்கம் வரலைன்னா எந்த ஊர்னு பாத்துதான் குடுப்பியா?"

வேறு யாராவது கேட்டிருந்தால் துரத்தியிருப்பார். நர்ஸம்மாவின் புருஷனை அவரால் துரத்த முடியவில்லை. அது தெரிந்துதான் நான் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "கடைசி ஒண்ணுதான் கீது. ஆறாம் நம்பர். அம்மா இன்னான்னு கேட்டா நீதான் பதில் சொல்லணும். என்னை பேஜார்ல மாட்டி வுடாத."

பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஒருவர்தான் மிச்சம், அவரும் உள்ளே போயிருந்தார். ஐந்து நிமிடம் போயிருக்கும். கையில் குடையும் துணிப்பையுமாக ஒரு அம்மா வந்து வாட்ச்மேனிடம் நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"கதைக்கிற இடம் இதுதானே?"

"இதாம்மா. ஆனா டோக்கன் தீந்து பூச்சு. அட்த்த சனிக்கிழமை வா."

"இண்டைக்கு ஏலாதோ?"

"ஆறு பேர்தாம்மா." வாட்ச்மேன் சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"கொஞ்சம் இருந்திட்டுப் போறன்" என்று அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கீழ்க்கட்டளையிலிருந்து பஸ் மாறி வந்ததாகச் சொன்னார். பிறகு என் கையில் இருந்த தகரத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன தம்பி?"

"தூக்கம் வரமாட்டேங்குதும்மா."

"ஓம். அது பெரிய கரைச்சல்தான்." குடையைக் காலடியில் வைத்துவிட்டுக் கேட்டார். "வீட்டில ஆரும் செத்தவையோ?"

"இல்லைம்மா."

"காணாமப் போயிட்டினமோ?"

"இல்லை."

பிள்ளைகள் எத்தனை என்று நாம் விசாரிப்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லி டோக்கனை நீட்ட அதைவிட நல்ல சமயம் கிடையாது. ஆனால் இரண்டு கேள்விக்கும் 'இல்லை' போட்டவனுக்குப் பரீட்சையில் தோற்ற மாதிரி இருந்தது. கைவசம் ஒன்றாவது இருக்கிறது என்று காட்ட வேண்டியிருந்தது.

"வீட்டுக்காரி பேச மாட்டேங்கறா" என்றேன்.

அவர் முழுசாக என் பக்கம் திரும்பினார். "எவ்வளவு காலம்?"

"ஆறு மாசமா."

"ஒரு சொல்லும் இல்லையோ?"

"என்கிட்ட இல்லை."

"பாவம் பிள்ளை. என்னத்தைக் கண்டாவோ." துணிப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "என்ர மகளும் அப்பிடித்தான் தம்பி. பன்ரண்டு வயசு. எங்கட வீட்டில குண்டு விழுந்த நாளிலயிருந்து வாய் திறக்கேல்லை. இஞ்ச வந்தா மாறும் எண்டு நினைச்சம். பிளேன் இறங்கிற வழியில வீடு கிடைச்சிருக்கு, பாருங்கோ. ஒவ்வொண்டும் குண்டு போடுற பொம்மர் எண்டு நினைச்சுக் கட்டிலுக்குக் கீழ பூந்திடுறாள். அவளை இஞ்ச கூட்டிக்கொண்டு வரலாமோ எண்டு கேக்கத்தான் வந்தனான்."

மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் கீழ்க்கட்டளை மாடிகளை உரசுகிற மாதிரிதான் போகும். நாங்கள் அண்ணாந்து பார்த்து டாட்டா காட்டுகிற விமானங்கள்.

"நீங்க வேணும்னா..." என்று டோக்கனைக் கால்வாசி நீட்டினேன். முழுசாக நீட்டவில்லை.

"வேண்டாம் தம்பி. உங்கட வீட்டிலயும் ஒண்டு கதைக்காமல் இருக்குதெல்லோ. நீங்கள் போங்கோ. நான் பிறகு ஒரு நாள் பாக்கிறன்."

பச்சைத் துணி விலகியது. ஐந்தாம் நம்பர்க்காரர் வெளியே வந்தார். உள்ளேயிருந்து என் மனைவியின் குரல், "ஆறு." நான் போனேன்.

என்னைப் பார்த்ததும் அவள் கத்தவில்லை. நாற்காலியைக் காட்டினாள். வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஆறு மாதமாக ஏங்கிய நாற்காலி. சொம்புத் தண்ணீர்கூட இருந்தது.

எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

"கான்டீன்ல டீ..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். காணாமல் போன தோல் கட்டுப் பேச்சை எடுத்தேன், கட்டுதான் ஏற்கெனவே கிடைத்துவிட்டதே. அவள் ஏன் என்று கேட்கவில்லை, எதற்கு என்று கேட்கவில்லை. காத்திருந்தாள். அது எவ்வளவு கொடுமையான வைத்தியம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வேறு வழியில்லாமல், "வெளிய ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாங்க. அவங்க பொண்ணு பேசமாட்டேங்குதாம்" என்றேன்.

அவள் முகம் மாறியது. அன்றைக்குத் துணி இடுக்கில் பார்த்தேனே, அதே முகம். முழுசாக என் பக்கம். கடைசியில் அது எனக்குக் கிடைத்தது, என்னைப் பற்றிய பேச்சுக்காக இல்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து வெளியே ஓடினாள்.

பெஞ்ச் காலி. கேம்ப் ரோடு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பூடுச்சும்மா" என்றார் வாட்ச்மேன். "மூணு வாரமா அந்தம்மா கேட்டாண்ட வந்து நிக்கும். கொஞ்ச நேரம் பாக்கும், திரும்பிப் பூடும். இன்னிக்கித்தான் உள்ள வந்துச்சு."

மனைவி என்னைத் திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். திட்டவில்லை. சைக்கிளில் பின்னால் உட்காரவில்லை, நடந்தே வந்தாள். அன்றிலிருந்து அவள் உண்மையிலேயே என்னோடு பேசவில்லை. பெஞ்சில் நான் சொன்ன பொய் அப்படியே பலித்தது.

அடுத்த சனிக்கிழமை வாட்ச்மேனிடம் ஆறாம் நம்பர் டோக்கனை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கச் சொன்னாள். அந்த அம்மா வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. துணி மடிக்கும்போது கை நின்றுவிடும், ஜன்னலைப் பார்ப்பாள். இப்போது எனக்கு அந்த அம்மாமேலும் பொறாமை. ஒரே ஒரு தடவை பெஞ்சில் உட்கார்ந்து, மறைப்புக்குள்கூட நுழையாமல் போனவர், என் வீட்டை முழுசாகப் பிடித்துக்கொண்டுவிட்டார்.

"நான் போய்க் கண்டுபிடிச்சிட்டு வரேன்" என்றேன்.

இரண்டு வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதற்குத்தான். "வேணாம். யாரையும் தேடிப் போகக்கூடாது. தேடி வர்றவங்கன்னாலே அவங்களுக்குப் பயம்."

கேட்கவா போகிறேன். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழ்க்கட்டளை போனேன். இஸ்திரி போட்ட பேன்ட், முறுக்கிவிட்ட மீசை, சட்டைப் பையில் கம்பெனி நோட்டு. கடை கடையாக, "இந்தப் பக்கம் சிலோன்காரங்க எந்த வீட்ல இருக்காங்க? ஒரு பொண்ணு பேசாதாமே" என்று விசாரித்தேன். மளிகைக் கடைக்காரர் என் மீசையையும் நோட்டையும் பார்த்துவிட்டு, "எல்லாரும் ஸ்டேஷன்ல பேர் குடுத்திருக்காங்க சார்" என்று எழுந்து நின்றார். ஒரு தெருவில் நான் நுழைந்ததும் ஜன்னல்கள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. வெயிலுக்குச் சாத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மிதித்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஹாலில் மூன்று டோக்கன் மீந்தது. கீழ்க்கட்டளையிலிருந்து வழக்கமாக வருகிறவர்கள்கூட வரவில்லை. மனைவி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள்.

"கீழ்க்கட்டளையில மப்டி போலீஸ் ஒருத்தர் சைக்கிள்ல வந்து வீடு வீடா விசாரிக்கிறாராம்."

"அப்படியா" என்றேன்.

"பெரிய மீசையாம்."

மறுநாள் காலையில் மீசையை எடுத்தேன். நோட்டை வீட்டில் வைத்தேன். லுங்கியும் பழைய சட்டையுமாக மறுபடியும் போனேன். இந்தத் தடவை யாரையும் விசாரிக்கவில்லை. ஏரிப் பக்கம் தண்ணீர் லாரி வந்து நின்றிருந்தது. பிளாஸ்டிக் குடங்களோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். கடைசியில் அந்த அம்மா. பக்கத்தில், அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒல்லியாக ஒரு பெண்.

தலைக்குமேல் விமானம் ஒன்று இறங்கிப் போனது. அந்தப் பெண் குடத்தைப் போட்டுவிட்டு லாரிக்கு அடியில் நுழைந்துவிட்டாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா குனிந்து, கையை நீட்டி, ஒன்றும் சொல்லாமல் காத்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை. என் மனைவி பதினைந்து நாள் போய்ப் படித்ததை இவர் எங்கே படித்தாரோ. சத்தம் முழுக்க அடங்கிய பிறகு அந்தப் பெண் வெளியே வந்தாள். அதற்கப்புறம்தான் நான் பக்கத்தில் போனேன்.

மீசை இல்லாததால் அடையாளம் தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீங்களோ தம்பி. உங்கட மனிசி கதைக்கத் தொடங்கிட்டாவோ?"

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். இந்த விசாரிப்பு அளவுக்கு எதுவும் உறைத்ததில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவிக்குப் பேச்சு நன்றாகவே வரும், அந்த மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்கிறவளே அவள்தான், அவள் உங்கள் பேச்சையெல்லாம் கேட்கிற மாதிரி என் பேச்சைக் கேட்பதில்லை என்ற வயிற்றெரிச்சலில்தான் டோக்கன் வாங்கினேன், எனக்குத் தூக்கமெல்லாம் நன்றாக வரும், குறட்டையே விடுவேன், போன வாரம் சைக்கிளில் வந்த போலீஸும் நான்தான் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். பயிற்சி இல்லாமலேயே அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அதற்குள் வரிசை நகர்ந்து அவர் குடம் நிரம்பி வழிந்தது, யாரோ அதட்டினார்கள், அவர் நகரவில்லை. அந்தப் பெண் அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து என் மேலுதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீசை இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது.

"அவ வாராவாரம் உங்களுக்காக ஒரு டோக்கனை எடுத்து வைக்கிறாம்மா. எழுதிக்க மாட்டாங்க, எதுவும் கேக்க மாட்டாங்க. மத்தியானத்துல பிளேன் சத்தமும் கம்மி. பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. நானே பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்னு, உங்களை ஹால் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன். சனிக்கிழமை வருவீங்களா?"

அவர் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மகளின் கையைப் பிடித்தார்.

"வாறம், நீங்கள் வராதேங்கோ."